பேட்மின்டன் பேட்டுக்கு எந்த யோனெக்ஸ் நரம்பு நல்லது: பிஜி 65-ஆ, பிஜி 80-ஆ, பிஜி 66 அல்டிமேக்ஸா? வாரம் நாலு நாள் டபுள்ஸ் ஆடுகிறேன், 27 பவுண்டு இறுக்கத்தில் போட்ட பிஜி 66 அல்டிமேக்ஸ் ஒன்பது நாளில் அறுந்தது ஏன்?

நரம்பு எந்த இடத்தில் அறுந்தது? கேள்வியில் பிராண்ட் இருக்கிறது, பவுண்டு இருக்கிறது, நாள் கணக்கும் இருக்கிறது. இது மட்டும் இல்லை. அறுந்த பேட்டோடு நரம்பு போடுகிற மேசைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் "டூப்ளிகேட் போட்டுட்டீங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அறுந்த இடத்தைப் பார்த்தால் பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும்.

நடுவில், நெடுக்கும் குறுக்கும் உரசுகிற இடத்தில் அறுந்திருந்தால் நரம்பு தேய்ந்து முடிந்தது என்று பொருள். பக்கத்து நெடுக்கு நரம்பின் மேல் இருக்கும் குறுக்கை நகத்தால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். அது உட்கார்ந்திருந்த இடத்தில் ரம்பம் வைத்து இழுத்தது போல் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். மேல்பூச்சு போய் உள்ளே இழை பஞ்சு பஞ்சாகத் தெரியும். மேல் விளிம்பை ஒட்டி, முதல் இரண்டு மூன்று குறுக்குகளுக்குள் கத்தி வைத்தது போல் அறுந்திருந்தால் மிஸ்ஹிட். காக் (இறகுப்பந்து) நடுவில் படாமல் பிரேமுக்குப் பக்கத்தில் பட்டிருக்கிறது. அங்கே நரம்பு வளைந்து கொடுக்க இடமே கிடையாது. மூன்றாவது வகை, பிரேம் ஓட்டைக்குள்ளேயே அறுவது. க்ரோமெட் என்கிற அந்தப் பிளாஸ்டிக் குழாய் வெடித்தோ தட்டையாகியோ போய், நரம்பு நேராகக் கார்பன் விளிம்பில் உரசியிருக்கும். அதை மாற்றாமல் எந்த நரம்பு போட்டாலும் அதே ஓட்டையில் மறுபடி அறும்.

ஒன்பது நாளில், 27 பவுண்டில், பிஜி 66 அல்டிமேக்ஸ் என்றால் இரண்டாவது வகை என்றுதான் தோன்றுகிறது. இதில் திறமையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. டபுள்ஸில் பின்னால் ஓடிப்போய் தாமதமாக அடிக்கிற கிளியர் (எதிராளியின் பின் கோட்டுக்கு உயர்த்தி அடிப்பது) யாருக்கும் மேல் விளிம்பில்தான் படும்.

இப்போது ஒப்பீடு. பெயரை விடுங்கள், பருமனைப் பாருங்கள். பிஜி 65 0.70 மி.மீ., பிஜி 80 0.68, பிஜி 66 அல்டிமேக்ஸ் 0.65, எக்ஸ்போல்ட் 63 பெயரிலேயே இருப்பது போல் 0.63, ஏரோசானிக் 0.61. நரம்பு மெலிய மெலிய அடிபட்டதும் அதிகம் நீண்டு வேகமாகத் திரும்பும். காக் விட்டுத் தெறிக்கும், சத்தமும் கணீரென்று வரும். அதே மெலிவுதான் ஆயுளையும் தின்கிறது. பள்ளம் விழுந்து அறுவதற்கு அதில் சதை குறைவு, அவ்வளவுதான்.

பிஜி 65 சுலபத்தில் அறாது. ஆனால் அதுவே ஒரு தொல்லை. அறாததாலேயே ஆறு மாதம் மாற்றாமல் ஆடுவார்கள். பவுண்டு எப்போதோ இறங்கியிருக்கும், காக் பட்டால் 'டொக்' என்று சாக்குமூட்டையில் அடித்த சத்தம் வரும். ஒரு ஸ்மாஷ் அடித்ததும் குறுக்கு நரம்புகள் நகர்ந்து, விரலால் சரிசெய்ய வேண்டியிருந்தால் அது செத்த நரம்பு. அறாவிட்டாலும் வெட்டிவிடுங்கள். பிஜி 80-ல் வெக்ட்ரான் என்கிற உறுதியான இழை கலந்திருப்பதால் கைக்கு விறைப்பாகத் தெரியும். அடிக்கத் தெரிந்தவருக்கு அது துல்லியம், புதியவருக்கு மணிக்கட்டு வலி. ஏரோபைட் நெடுக்குக்கு 0.67, குறுக்கு 0.61 என்று இரண்டு பருமனில் வருகிறது. மேற்பரப்பு சொரசொரப்பு. காக்கைச் சீவி வலைக்குப் பக்கத்தில் இறக்குகிற ஸ்லைஸ் ட்ராப்பும் வலையோரச் சுழற்றலும் நன்றாக விழும், ஆனால் அந்த மெல்லிய குறுக்கு மிஸ்ஹிட்டுக்குத் தாங்காது. நானோஜி 95 (0.69) பற்றி யாரும் பேசுவதில்லை. உங்களைப் போல் வாரம் நாலு நாள் ஆடுகிறவருக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

"நான் அல்டிமேக்ஸில் மூன்று மாதம் ஆடினேனே" என்று கருத்தில் எழுத வருகிறவர்களுக்கு: ஆடியிருப்பீர்கள். உங்கள் அடி நடுவில் விழுகிறது, அல்லது உங்கள் பவுண்டு 23. சண்டை வேண்டாம்.

பவுண்டுதான் இதில் பெரிய விஷயம். பவர் வேண்டுமென்றால் பவுண்டை ஏற்ற வேண்டும் என்று ஊரெல்லாம் நம்பிக்கை. நேர் தலைகீழ். குறைந்த பவுண்டில் நரம்புப் படுகை வலை போல் வாங்கித் தள்ளுகிறது, நல்ல அடி விழும் இடமும் அகலமாக இருக்கிறது. ஏற்ற ஏற்ற அந்த இடம் சுருங்கும், தள்ளுகிற வேலை முழுக்கக் கைக்கு வரும். வீச்சு வேகம் உள்ளவருக்கு மட்டும் அது கட்டுப்பாடாக மாறும், ஏனென்றால் காக் நரம்பில் தங்கும் நேரம் குறைந்து, திருப்பிய கோணத்திலேயே போகிறது. சர்வதேச ஆட்டக்காரர்கள் 30 பவுண்டு போடுகிறார்கள் என்றால், அறுந்ததும் எடுக்க அவர்கள் பையில் இன்னும் நாலைந்து பேட் இருக்கிறது.

பின் கோட்டிலிருந்து பின் கோட்டுக்கு கிளியர் சிரமமில்லாமல் போகாதவரை 22-ஐத் தாண்டாதீர்கள். போகிறதென்றால் 23, 24. மாடியில் பிளாஸ்டிக் காக்கில் ஆடுவதற்கு பிஜி 65, 20 பவுண்டு போதும். ஒவ்வொரு தடவையும் ஒரு பவுண்டுக்கு மேல் ஏற்ற வேண்டாம். பேட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச பவுண்டையும் பாருங்கள். அதைத் தாண்டிப் போட்டு பிரேம் உடைந்தால் வாரண்டி பேசுவதில் பயனில்லை.

நெடுக்கை விடக் குறுக்கு ஒன்றிரண்டு பவுண்டு கூடுதலாக இருக்க வேண்டும், 22-க்கு 24 என்பது போல. நெடுக்கு 22 வரிசையும் இழுத்து முடிந்ததும் பிரேம் உயரத்தில் குறைந்து பக்கவாட்டில் பிதுங்கும். குறுக்குதான் அதைத் திரும்ப உள்ளே இழுக்கிறது. குறுக்கு நெய்யும்போது உராய்விலும் இழுவை கொஞ்சம் போய்விடும். முடித்த பேட்டை அதே மாடல் புதுப் பேட்டின் மேல் வைத்துப் பாருங்கள். தலை குட்டையாக, வட்டமாகத் தெரிந்தால் வேலை சரியில்லை.

குறுக்கு இழுக்கும் விதத்திலும் ஆயுள் போகும். நரம்பை ஒரே கோட்டில் வெடுக்கென்று இழுத்தால் நெடுக்கில் அதே புள்ளியில் சூடேறி, ஆடுவதற்கு முன்பே பள்ளம் விழும். இழுக்கும்போதே மேலும் கீழும் அசைத்து, உரசும் இடத்தை மாற்றிக்கொண்டே இழுக்க வேண்டும். ஐந்து நிமிடம் கூடுதலாகும், அதனால்தான் பலர் செய்வதில்லை. மெஷினில் நரம்பைப் பிடித்து வைக்கிற க்ளாம்ப் வழுக்கியிருந்தால் நரம்பில் வெளுத்த தட்டையான தடம் தெரியும். அதையும் பாருங்கள்.

இன்னொன்று, ஒரு கடை 24-உம் இன்னொரு கடை 24-உம் ஒன்றல்ல. கைப்பிடி சுற்றி இழுக்கிற மெஷின் குறித்த பவுண்டு வந்ததும் பூட்டிக்கொள்ளும், நரம்பு தளர்ந்தால் தளர்ந்ததுதான். எலக்ட்ரானிக் மெஷின் தளர்வதைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பிடிக்கும். ஆகவே ஒரே ஆளிடம் போடுங்கள், "போன தடவையை விட ஒன்று கம்மி" என்று சொல்லிப் போடுங்கள். போட்ட முதல் நாளிலேயே கொஞ்சம் இறங்கும். அது கடைக்காரர் ஏமாற்றியது ஆகாது.

சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்லிவிடுகிறேன். மணிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குகிற இண்டோர் கோர்ட்டுகளில் எல்இடி விளக்கைக் கோர்ட்டின் நேர் தலைக்கு மேல் ஏன் மாட்டுகிறார்கள்? பக்கவாட்டில் மாட்டினால் என்ன செலவு கூடிவிடும்? உயர்ந்து வரும் காக் வெளிச்சத்துக்குள் காணாமல் போகிறது, குத்துமதிப்பாக வீசுகிறோம், மேல் விளிம்பில் பட்டு நரம்பு போகிறது. பழி நரம்புக்கு. தரையில் பேட்டைத் தேய்த்துக் காக்கை அள்ளி எடுக்கிற பழக்கமும் அப்படித்தான், அத்தனை க்ரோமெட்டின் தலையும் அதில்தான் தேய்கிறது.

போலி பற்றி ஒரு வரி. 10 மீட்டர் பாக்கெட்டை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். 200 மீட்டர் ரீலில் போட்டால் விலை குறையும், ஆனால் ரீலின் பெயரை நம்ப வேண்டியிருக்கும்.

கடைசியாக, அடுத்த தடவை அறுந்தால் அந்த பேட்டை அப்படியே பையில் போட்டு ஞாயிற்றுக்கிழமை வரை வைக்காதீர்கள். ஒரு பக்கம் இழுவை போய் மறுபக்கம் 24 பவுண்டு இழுத்துக்கொண்டே இருந்தால் பிரேம் கோணிப் போகும், விரிசலும் விடலாம். அங்கேயே கத்தரி எடுத்து நடுவில் ஆரம்பித்து, ஒரு நெடுக்கு ஒரு குறுக்கு என்று மாறி மாறி வெளிப்பக்கமாக எல்லாவற்றையும் வெட்டுங்கள். வெட்டும் முன் அறுந்த இடத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள்.