பனியாறு உருகி வரும் நீர் கடலோர உயிர்களுக்கு நல்லதா, கெட்டதா?

கேள்வி இதுதான்: "பனியாறுகளில் இருப்பது தூய நன்னீர். அது உருகிக் கடலில் கலந்தால் மீன்களுக்கு ஊட்டம்தானே? உருகுவது கூடக் கூட மீனும் கூடுமா?"

கடல்நீரின் வேதியியலைச் சொல்லித்தருவது என் வேலை. மாணவர்களும் இதைத்தான் முதலில் கேட்பார்கள். கொஞ்சம் நல்லது, கொஞ்சம் கெட்டது என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் அதில் யாருக்கும் ஒன்றும் விளங்காது. உருகிய நீர் கடலுக்குள் எந்த ஆழத்தில் நுழைகிறது என்று பாருங்கள். பெரும்பாலான இடங்களில் மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான் அமைகிறது. எவ்வளவு நீர் வருகிறது என்பதுகூட அதற்கு அடுத்துதான்.

வகுப்பில் நான் செய்துகாட்டும் ஒன்றை நீங்களும் செய்து பார்க்கலாம். உயரமான கண்ணாடிக் குவளையில் நன்றாக உப்புக் கரைத்த நீரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு கிண்ணத்தில் நல்ல தண்ணீரில் நீல மை கலந்துவையுங்கள். நீல நீரை ஒரு கரண்டியின் முதுகில் வழியவிட்டு மெல்ல மேலே ஊற்றினால், அது ஒரு மூடி போல மேலேயே தங்கிவிடும். கீழே உள்ள நீர் அசையாது. அடுத்து, இன்னொரு குவளை உப்பு நீரில் நீளமான டிராப்பரை அடிவரை இறக்கி, அங்கே நீல நீரை விடுங்கள். அது சுருள் சுருளாக மேலே பாயும். மேலே வந்துசேரும்போது நீலம் வெளிறியிருக்கும். வழியில் சுற்றியிருந்த உப்பு நீரைப் பெருமளவு இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது என்பதுதான் அதற்குக் காரணம்.

கிரீன்லாந்தின் ஃபியார்டுகளில், அதாவது மலைகளுக்கிடையே கடல் நீண்டு நுழைந்திருக்கும் குறுகிய வளைகுடாக்களில், இரண்டும் நடக்கின்றன. சில பனியாறுகள் கடலுக்குள்ளேயே வந்து நிற்கும். அவற்றின் முகப்பு நீர்மட்டத்துக்குக் கீழே சில நூறு மீட்டர் வரை இறங்கியிருக்கும். கோடையில் பனியாற்றின் மேற்பரப்பில் உருகும் நீர் விரிசல்கள் வழியே அடிப்பாறைக்கு இறங்கி, அங்கேயே ஓடி, அந்த ஆழத்தில் கடலுக்குள் பீறிடும். நன்னீர் இலேசானது என்பதால் முகப்பை ஒட்டியே மேலே ஏறும். ஏறும்போது தன்னைப் போலப் பல மடங்கு ஆழ்கடல் நீரையும் கூட இழுத்து வரும்.

கவனிக்க வேண்டியது இங்கேதான். உருகிய நீரில் பாசிக்கு உரமாகும் நைட்ரேட் மிகக் குறைவு. இரும்பும் சிலிக்காவும் ஓரளவு இருக்கும். ஆனால் கோடையில் கிரீன்லாந்துக் கரையோரத்தில் பெரும்பாலும் தட்டுப்பாடாக இருப்பது நைட்ரேட்தான். வெயில் படும் மேல் அடுக்கில் இருந்ததை வசந்தகால நுண்பாசிகள் தின்று தீர்த்திருக்கும். மிச்சமெல்லாம் இருட்டான ஆழத்தில் கிடக்கும். அதை மேலே கொண்டுவந்து கொடுப்பதுதான் இந்த நீரோட்டம் செய்யும் வேலை. ஆக, கடலுக்கு ஊட்டம் தருவது உருகிய நீரில் கரைந்திருக்கும் பொருள் என்பதைவிட, அந்த நீரின் ஏற்றம் என்பதே சரி.

அந்த ஏற்றம் நீர்மட்டத்தைத் தொடும் இடம் பார்க்கவே தனியாகத் தெரியும். சுற்றிலும் பனிக்கட்டிகள் மிதக்க, முகப்பை ஒட்டிக் கலங்கிய பழுப்பு நிறத்தில் ஒரு குளம் மட்டும் பனியில்லாமல் திறந்துகிடக்கும். நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்ட் தீவுகளின் கோங்ஸ்ஃபியார்டில் கிட்டிவேக் என்னும் சிறிய கடற்காகங்கள் அந்தக் குளத்தின் மேலே கூட்டமாக வட்டமிட்டுத் தாழ இறங்கும். ஆழத்திலிருந்து மேலே அள்ளிவரப்பட்ட சிறு மிதவை உயிரிகள், உப்பு திடீரெனக் குறைந்த அதிர்ச்சியில் மயங்கியோ செத்தோ அங்கே கிடக்கும். பறவைக்கு அது அலையாமல் கிடைக்கும் தீனி. வளையச் சீல்களும் பெலூகா திமிங்கிலங்களும் இதே முகப்புகளைத் தேடி வருகின்றன. ஒரே நீரோட்டம் ஒரு உயிருக்குச் சாவாகவும் அடுத்ததற்கு விருந்தாகவும் இருப்பதால்தான், ஒற்றைச் சொல்லில் பதில் கேட்பவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடிவதில்லை.

பாசி பெருகுவது மட்டும் முகப்பிலேயே நடக்காது. அங்கே நீர் அவ்வளவு கலங்கல். கல்மாவு படியப் படிய, கொஞ்சம் தள்ளித் தெளிந்த நீரில்தான் பச்சை பிடிக்கும்.

இந்தக் கல்மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பனியாறு பாறையின் மேல் நகரும்போது அதை அரைத்துக்கொண்டே நகர்கிறது. அப்படி வரும் தூள் அவ்வளவு நுண்மையானது என்பதால் எளிதில் அடியில் படியாது. பால் கலந்தது போன்ற அந்த நீரில் வெளிச்சம் சில மீட்டருக்கு மேல் இறங்காது. கரையோரப் பாறைகளில் வளரும் கெல்ப் போன்ற பெரும்பாசிகளைக் கெடுக்க அதுவே போதும், ஆழமான இடங்களில் அவை பிழைக்காது. நீரை வடிகட்டி உண்ணும் உயிர்களின் நிலை இதைவிட மோசம்.

அண்டார்க்டிகாவின் கிங் ஜார்ஜ் தீவில் பாட்டர் கோவ் என்று ஒரு சிறு விரிகுடா இருக்கிறது. கரையில் அர்ஜெண்டினாவின் கார்லினி ஆய்வு நிலையம் இருப்பதால், பல்லாண்டுகளாகத் தொடர்ந்து கவனிக்கப்பட்டுவரும் இடம். ஃபோர்கேட் பனியாறு பின்வாங்கப் பின்வாங்க, கோடை ஓடைகள் சேற்றைக் கொண்டுவந்து விரிகுடாவின் மேல்நீரில் கொட்டுகின்றன. 2003 முதல் 2012 வரையிலான காலத்தில் அந்தக் கரையில் பலமுறை கிரில்கள் என்னும் இறால் போன்ற சிறு உயிர்கள் கும்பலாகச் செத்து ஒதுங்கின. அறுத்துப் பார்த்தால் வயிற்றில் பாசிக்குப் பதில் கல்தூள். கிரில் தன் முன்கால்களின் மயிரிழைகளால் நீரைச் சலித்து அதில் சிக்குவதை உண்ணும். பாசியும் கல்தூளும் ஒரே அளவில் வந்தால் இரண்டும் உள்ளே போகும். வயிறு நிறையும், உணவு இருக்காது. திமிங்கிலம், பென்குயின், சீல் எல்லாம் நம்பியிருக்கும் உயிர் அது. இந்தப் பகுதியை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும்.

அதே விரிகுடாவின் அடித்தளத்திலும் மாற்றம் தெரிந்தது. 1990களில் அங்கே பாறையில் ஒட்டி நீரை வடிகட்டி வாழும் அசிடியன்கள்தான் பெருவாரியாக இருந்தன. 2010 வாக்கில் அவை வெகுவாகக் குறைந்து, சேற்றைத் தாங்கக்கூடிய வேறு உயிர்கள் இடம்பிடித்திருந்தன.

சரி, அண்டார்க்டிகாவில் உருகுவதெல்லாம் கேடுதானா என்றால், அதுவும் இல்லை. தென்பெருங்கடலின் கணக்கு கிரீன்லாந்தின் கணக்குக்கு நேர் எதிர். அங்கே நைட்ரேட் ஏராளம், இரும்புதான் இல்லை. நைட்ரேட் அவ்வளவு இருந்தும் பரந்த கடற்பரப்பில் பாசி குறைவாக இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். அங்கே பனிக்குள்ளிருந்தும் ஆழத்திலிருந்தும் கொஞ்சம் இரும்பு மேலே வந்தாலே பச்சை பிடிக்கும். மேற்கு அண்டார்க்டிகாவின் அமுண்ட்சன் கடலில், மிதக்கும் பனித்தட்டுகளின் அடிப்பகுதி உருகி எழும் நீர் ஆழத்து இரும்பையும் ஏற்றிக்கொண்டு வருகிறது. அங்கே கடற்பனி விலகித் திறக்கும் நீர்ப்பரப்பு, அண்டார்க்டிகாவைச் சுற்றிலும் பாசி மிகச் செழிப்பாக வளரும் இடங்களில் ஒன்று. உடைந்து மிதந்துபோகும் ராட்சதப் பனிப்பாறைகளும் தம் பின்னால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குப் பச்சைத் தடம் விடுவதைச் செயற்கைக்கோள் படங்களில் பார்க்கலாம். 2017இல் அண்டார்க்டிகாவின் லார்சன் சி பனித்தட்டிலிருந்து உடைந்த ஏ68ஏ என்னும் பனிப்பாறை, தெற்கு ஜார்ஜியாத் தீவருகே மூன்றே மாதத்தில் சுமார் 15,200 கோடி டன் நன்னீரைக் கடலில் விட்டது. அத்தனை நன்னீர் ஒரே இடத்தில் சேர்ந்தால் இரும்பு மட்டும் வராது. உப்புத்தன்மையும் வெப்பநிலையும் சேர்ந்தே மாறும்.

உப்புத்தன்மை குறைவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மீன்கள் ஓரளவு சமாளிக்கும், இல்லாவிட்டால் விலகிப்போகும். நட்சத்திர மீன், கடல் முள்ளெலி போன்றவற்றுக்கு உடலின் உப்பைச் சரிசெய்துகொள்ளும் திறன் கிடையாது என்பதால் அவை நன்னீர் படும் ஓரங்களில் தங்குவதில்லை. சிப்பிகள் ஓட்டை மூடிக்கொண்டு கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். அப்புறம், உருகிய நீரில் கால்சியமும் கார்பனேட்டும் மிகக் குறைவு. அது கலக்கும் இடத்தில் சுண்ணாம்பு ஓடு கட்டும் உயிர்களுக்கு, குறிப்பாகக் கடலில் நீந்தித் திரியும் சிறகு நத்தைகளுக்கு, ஓடு கட்டுவதே சிரமமாகிறது. காற்றிலிருந்து கூடும் கரியமில வாயு கடலின் அமிலத்தன்மையைக் கூட்டி ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலையை இது இன்னும் கொஞ்சம் தள்ளிவிடுகிறது.

இனி, உருகுவது கூடினால் மீனும் கூடுமா என்ற கேள்வி. கொஞ்ச காலத்துக்குச் சில இடங்களில் கூடலாம். தொடர்ந்து கூடாது. பனியாறு பின்வாங்கும்போது அதன் முகப்பு பெரும்பாலும் ஆழம் குறைந்த இடத்துக்கு வரும், கடைசியில் கரையேறிவிடும். கரையேறிய பிறகு எவ்வளவு உருகினாலும் அந்த நீர் ஓடையாகத்தான் கடலுக்கு வரும், அதாவது முதல் குவளையில் பார்த்த மூடியாகத்தான் வரும். ஆழத்து நைட்ரேட் ஆழத்திலேயே கிடக்கும்.

கிரீன்லாந்தில் இரண்டு நிலையும் இன்றே இருக்கின்றன. தலைநகர் நூக்கை ஒட்டிய ஃபியார்டுக்குள் பனியாறுகள் கடலில் இறங்கி நிற்கின்றன. அங்கே வசந்தத்தில் ஒருமுறை, கோடையில் மறுபடி ஒருமுறை என்று பாசி இருமுறை பெருகுகிறது. வடகிழக்கில் உள்ள யங் சவுண்டில் பனியாறுகள் நிலத்திலேயே முடிந்துவிடுகின்றன. அங்கே கோடைப் பெருக்கம் அப்படி இல்லை, உற்பத்தியும் மிகக் குறைவு. யங் சவுண்டில் கடற்பனி மூடியிருக்கும் காலமும் நீளம், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்தான். ஆனாலும் கோடையில் மேல்நீரின் மேல் நன்னீர் மூடி போட்டு நிற்பது அங்கே தெளிவாகவே தெரிகிறது.

கிரீன்லாந்தின் ஏற்றுமதியில் 90 சதவீதத்துக்கு மேல் கடல் உணவுதான். அதில் பெரும்பங்கு வகிக்கும் கிரீன்லாந்து ஹாலிபட் மீனை இலுலிசாட், உம்மன்னாக் பகுதி மீனவர்கள் பிடிப்பது, பனியாறுகள் இன்னும் கடலில் இறங்கி நிற்கும் இதே ஃபியார்டுகளில்தான். குளிர்காலத்தில் பனியில் துளையிட்டு, நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு நீளத் தூண்டில் இறக்குவார்கள். அந்த முகப்புகள் எத்தனை ஆண்டு கடலுக்குள் நிற்கும் என்பது, எல்லோரையும்விட அவர்களுக்குத்தான் முதலில் தெரிந்தாக வேண்டிய விஷயம்.