அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தும் கடையில் பிணக்கு வராமல் இருக்க என்ன வழி?

முதலில் கல்லாவைக் கவனியுங்கள். "வீட்டுச் செலவுக்கு" என்று அண்ணன் எடுக்கும் ஐந்நூறு ரூபாய் கணக்கு நோட்டில் ஏறாது, தம்பியின் மனக்கணக்கில் ஏறிவிடும். ஆளுக்கு மாதச் சம்பளம் வையுங்கள். லாபப் பங்கு தனி.

இதைப் பத்திரத்தில் எழுதியே ஆகவேண்டும். எழுதாவிட்டால், 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி லாபம் சரிபாதி. விடிகாலையில் ஷட்டரைத் தூக்குபவர்கூடத் தனிச் சம்பளம் கேட்க முடியாது! இருவரில் ஒருவர் இறந்தால் கூட்டே கலைந்துவிடும்.

திருபாய் அம்பானி 2002இல் உயில் எழுதாமல் இறந்தார். மகன்களின் சண்டைக்குப் பிறகு, 2005இல் பிரிவினையை அறிவித்தவர் தாய் கோகிலாபென். நம் வீடுகளில் பஞ்சாயத்து பெரும்பாலும் தாய்மாமன் தலையில் விழும். அவரும் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்திருப்பார். அதற்கு ஆடிட்டரை நடுவில் உட்கார வைப்பது மேல்.