தவளை மீன்: நிறத்தை விடுங்கள், தூண்டிலைப் பாருங்கள்

கேள்வி: சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் 6,000 ரூபாய்க்கு மஞ்சள் தவளை மீன் வாங்கினேன். மூன்றே வாரத்தில் பழுப்பாகிவிட்டது. சாயம் பூசி ஏமாற்றிவிட்டார்களா? – வாசகர், பெரம்பூர்

பதில்: சாயம் இல்லை. பவளத்திட்டில் கடற்பஞ்சு போல அசையாமல் உட்கார்ந்து இரை பிடிக்கும் மீன் அது. சுற்றியிருப்பதற்கேற்ப சில வாரங்களில் நிறம் மாறும். மஞ்சளுக்கு ஒரு விலை, சிவப்புக்கு அதற்கு மேல் என்று விற்கிறார்களே, அதுதான் எனக்கு ஆறாத கோபம். நிறம் இனத்தைச் சொல்லாது. நெற்றியைப் பாருங்கள். முதுகுத் துடுப்பின் முதல் முள் அங்கே தூண்டிலாக நீண்டிருக்கும். நுனிச்சதை குட்டி மீன் போல இருந்தால் மாக்குலேட்டஸ் என்ற இனம். அரை அடிக்குள் நின்றுவிடும். இறால் போல இருந்தால் கொமர்சன் என்ற இனம். ஒரு அடியைத் தாண்டும். "சின்ன வகை சார்" என்ற பேச்சை நம்பி இரண்டடித் தொட்டிக்கு நானும் ஒன்று வாங்கினேன். வீட்டில் விளக்கடியில் பார்த்தால், நுனியில் இறால் மீசை போல இழைகள். வளர வளர அதற்குத் திரும்பக்கூட இடமில்லை. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

கேள்வி: தவளை மீனுக்குத் துணையாக விட்ட இரண்டு கோமாளி மீன்களைக் காணோம். கடையில் கேட்கலாமா? – வாசகர், அடையாறு

பதில்: வேண்டாம், அது தின்றுவிட்டது. தன் நீளத்துக்குச் சமமான மீனையே விழுங்கும்; உறிஞ்சி இழுக்கச் சுமார் 6 மில்லிநொடி போதும். பணம் கொடுக்குமுன் 'என்ன தின்னும்' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

கேள்வி: கடல் குதிரை கிடைக்கிறது என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: கடைக்காரர் தவளை மீனை வலையில் தூக்கிக் காட்டிவிட்டுப் பையில் போட்டார். வயிறு உப்பி, மேலே மிதந்து, மறுநாளே செத்துவிட்டது. "உயிருள்ளதுக்கு பில் கிடையாது" என்கிறார். – வாசகி, வில்லிவாக்கம்

பதில்: உங்கள் மேல் தவறே இல்லை அம்மா. தண்ணீரை விட்டு வெளியே எடுத்தால் இந்த மீன் காற்றை விழுங்கிவிடும். தண்ணீரோடு சேர்த்துத்தான் அள்ள வேண்டும். விற்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் கெடு போடாதபோது, 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அப்படித்தான். ஜிபே ரசீது, மீனின் படம் இரண்டையும் அழிக்காதீர்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.