போட்டி மைதானத்தில் பதறும் குதிரைக்கு வயிற்றுப் பொடி உதவுமா?

கேள்வி: எங்கள் குதிரைக்கு 9 வயது. காயடித்த தாரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்), எடை சுமார் 500 கிலோ. தடைதாண்டும் போட்டிகளுக்குக் கொண்டுபோகிறோம். லாயத்தில் சாது. ஆனால் மைதானத்தில் டிரெய்லரிலிருந்து இறக்கியதுமே வியர்த்துக் கொட்டுகிறது, லத்தி இளகிவிடுகிறது, ஓரிடத்தில் நிற்பதில்லை. சேணத்தின் வயிற்றுவாரை இறுக்கினால் கடிக்க வருகிறது. காலையும் மாலையும் 2.5 கிலோ ஓட்ஸ் கொடுக்கிறோம், உலர்புல் நாளுக்கு 5 கிலோ. போட்டியன்று வயிறு பாரமாக இருக்கக் கூடாது என்று புல் போடுவதில்லை. குடலைச் சீராக்கிக் குதிரையை அமைதிப்படுத்தும் என்று ஈஸ்ட், மெக்னீசியம், மூலிகைகள் கலந்த ஒரு பொடியைப் பலரும் சிபாரிசு செய்கிறார்கள். வாங்கலாமா? அடுத்த போட்டிக்கு எட்டு வாரம் இருக்கிறது.

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது பொடி அல்ல, ஓட்ஸ் அளவும் புல் அளவும்தான். அதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

மைதானத்தில் லத்தி இளகுவதை வைத்து மட்டும் குடலில் கோளாறு என்று சொல்லிவிட முடியாது. பயந்த குதிரைக்குக் குடல் வேகமாக இயங்கும், லத்தி இளகும். அங்கே பயம் காரணம், வயிறு விளைவு. ஆனால் வயிற்றுவாரை இறுக்கும்போது கடிக்க வருவது வேறு கதை. இது வீட்டிலும் நடக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. நாளைக் காலை லாயத்தில், அவசரமில்லாத நேரத்தில், சேணம் போட்டுப் பாருங்கள். வாரைத் தொட்டதுமே காது பின்னால் படிகிறதா, வயிற்றுத் தசை இறுகுகிறதா, தலையைத் திருப்பி விலாவைப் பார்க்கிறதா? தீவனத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் புல்லுக்குப் போகிறதா? பல்லைக் கடிக்கிறதா, ரோமம் மங்கியிருக்கிறதா, தின்ற பிறகு லேசாக வயிற்றுவலி வந்து போகிறதா? இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் இரைப்பைப் புண் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். எதுவுமே இல்லாமல் மைதானத்தில் மட்டும் ஆர்ப்பாட்டம் என்றால், எந்த வயிற்றுப் பொடியும் பெரிதாக எதையும் மாற்றப்போவதில்லை. அது பழக்கப்படுத்துதலில் தீர வேண்டிய விஷயம்.

வயிற்றுக்கும் பதற்றத்துக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. வலியோடு இருக்கும் குதிரை சின்ன விஷயத்துக்கும் மிரளும். வலி போனால் மிரட்சியும் குறையும். பொடி விற்பவர்கள் சொல்வதில் உண்மையான பகுதி இவ்வளவுதான்.

குதிரையின் இரைப்பை அதன் உடலுக்குப் பொருந்தாத அளவு சிறியது, ஏறக்குறைய 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். தின்றாலும் தின்னாவிட்டாலும் அதில் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் சுரக்கும். நாள் முழுக்க மேயப் பிறந்த விலங்குக்கு இது சிக்கலே இல்லை. நாம் அதைக் கட்டிப்போட்டு, இரண்டு வேளை தீவனம், நடுவில் வெறும் வயிறு என்று ஆக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. இரைப்பையின் கீழ்ப்பகுதியை ஒரு சளிப்படலம் காக்கிறது. மேல் மூன்றில் ஒரு பங்குக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. குதிரை ட்ராட் எனும் மிதவோட்டத்திலோ பாய்ச்சலிலோ போகும்போது வயிற்றறைக்குள் அழுத்தம் கூடி, கீழே கிடக்கும் அமிலம் மேலே ஏறி அந்தச் சுவரை நனைக்கும். பந்தயப் பயிற்சியில் இருக்கும் தாரோபிரெட் குதிரைகளில் 80 விழுக்காட்டுக்கும் மேல் இந்தப் புண் காணப்படுவது இதனால்தான். பயணம், புது லாயம், தீவன மாற்றம் எல்லாம் சேர்ந்தால் 5 நாட்களுக்குள்ளேயே புண் உண்டாகலாம்.

இப்போது போட்டியன்று நீங்கள் செய்வதைப் பாருங்கள். வயிறு பாரமாகக் கூடாது என்று புல்லை நிறுத்திவிட்டு, வெறும் அமிலத்தோடு குதிரையைத் தடை தாண்ட வைக்கிறீர்கள். நல்லெண்ணத்தோடு நிறையப் பேர் செய்வதுதான் இது. இதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும். டிரெய்லரில் புல் வலை தொங்கட்டும். சேணம் போடுவதற்கு முன், சவாரிக்கு அரை மணி நேரத்துக்குள், நறுக்கிய குதிரை மசால் (லூசர்ன் என்ற தீவனப் பயிர்) இரண்டு மூன்று கைப்பிடி கொடுங்கள். மெல்லும்போது உமிழ்நீர் ஊறும், மசாலில் உள்ள கால்சியமும் புரதமும் அமிலத்தைக் கொஞ்சம் தணிக்கும், இரைப்பையில் மிதக்கும் நார் அமிலம் மேலே தெறிக்காமல் தடுக்கும். இந்த அளவு மசாலால் எந்தக் குதிரையும் தடையைத் தாண்ட முடியாமல் போகாது.

அடுத்தது ஓட்ஸ். ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம், ஒரு நாளைக்கு 2 கிராம், இதற்கு மேல் மாவுச்சத்து போகக் கூடாது என்பது இரைப்பைப் புண்ணைத் தவிர்க்க மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. உங்கள் குதிரைக்கு அது வேளைக்கு 500 கிராம். ஓட்ஸில் சுமார் 40 விழுக்காடு மாவுச்சத்து. நீங்கள் கொடுக்கும் 2.5 கிலோவில் ஒரு கிலோ, அதாவது இரு மடங்கு. சிறுகுடலில் செரிக்காமல் மிஞ்சும் மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கிறது. அங்கே நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் குறைந்து, லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் வகை பெருகுகிறது. வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் இந்த வழியில் வரும் ஆபத்துகள். மாவுச்சத்து மிகுந்த தீவனம் தின்னும் குதிரைகள், அதே சக்தியை நாரிலும் எண்ணெயிலும் பெறும் குதிரைகளைவிட எளிதில் திடுக்கிடுவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் குதிரை இந்த வகையில் இருக்க நிறைய வாய்ப்புண்டு.

ஆகவே ஓட்ஸை வேளைக்கு 1 கிலோவாகக் குறையுங்கள். ஒரே நாளில் அல்ல, 10 முதல் 14 நாட்களில் படிப்படியாக. குறையும் சக்திக்குத் தாவர எண்ணெய் சேர்க்கலாம். ஒரு கோப்பை எண்ணெய் ஏறத்தாழ முக்கால் கிலோ ஓட்ஸின் சக்தியைத் தரும், கால் கோப்பையில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள், கூடவே வைட்டமின் ஈ தேவைப்படும். உலர்புல் 5 கிலோ போதவே போதாது. ஈரம் நீக்கிய கணக்கில் உடல் எடையில் 1.5 விழுக்காடாவது வேண்டும், தராசில் வைத்தால் எட்டரை கிலோவை ஒட்டி வரும். இரவு உட்பட எந்த நேரத்திலும் 6 மணி நேரத்துக்கு மேல் புல் இல்லாமல் விடாதீர்கள். சின்னக் கண்ணி வலையில் போட்டால் அதே புல் அதிக நேரம் வரும்.

சரி, அந்தப் பொடி. ஈஸ்ட்டுக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. நார் செரிமானத்துக்கு உதவும், தீவனம் மாறும் காலத்தில் பெருங்குடலைக் கொஞ்சம் தாங்கும். புண்ணை ஆற்றாது. தினசரி அளவில் எத்தனை கோடி உயிருள்ள ஈஸ்ட் இருக்கிறது என்று டப்பாவில் போட்டிருக்க வேண்டும், போடாததை வாங்க வேண்டாம். அமிலத்தைத் தணிக்கும் கால்சியம், மெக்னீசிய உப்புகள் சில மணி நேரம் வேலை செய்து அடங்கிவிடும். மெக்னீசியம் மனதை அமைதிப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் மெலிது. புல் தின்னும் குதிரைக்கு அதில் குறைபாடு அரிது, மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும். டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தின் நிலையும் அப்படித்தான். இவற்றுக்குச் செலவழிக்கும் பணத்தை நல்ல புல்லுக்குக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

மூலிகைகள்தான் எனக்குப் பயம். அமைதிப்படுத்தும் கலவைகளில் அடிக்கடி சேர்க்கப்படும் வலேரியன் வேரின் வலரெனிக் அமிலம் சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பின் தடைப் பட்டியலில் உள்ளது. மிளகாயின் கேப்சைசினும் அப்படியே. 2008 ஒலிம்பிக்கில் நான்கு தடைதாண்டும் குதிரைகள் அதற்காகவே இறுதிச் சுற்றுக்கு முன் விலக்கப்பட்டன. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வென்ற அயர்லாந்துக் குதிரை வாட்டர்ஃபோர்டு கிரிஸ்டலின் மாதிரியில் மனநோய்க்குக் கொடுக்கும் மருந்துகள் இருந்ததால் 2005-ல் அந்தப் பதக்கம் போயிற்று. வேண்டுமென்றே திறனை மாற்றும் முயற்சி இல்லை என்று விசாரணைக் குழு ஏற்றுக்கொண்ட பிறகும் போயிற்று. இயற்கையானது என்ற சொல் டோப்பிங் பரிசோதனையில் செல்லாது. அமிலம் தணிக்க சோடியம் பைகார்பனேட்டை ஊற்றும் யோசனையும் வேண்டாம், பிளாஸ்மாவில் லிட்டருக்கு 36 மில்லிமோல் கார்பன் டை ஆக்சைடு என்ற வரம்பைத் தாண்டினால் அதுவும் குற்றம்.

புண் இருப்பது உறுதியானால் வேலை செய்வது மருந்துதான். மேல்பகுதிப் புண்ணுக்கு அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஓமெப்ரசோல், வழக்கமாக நான்கு வாரம், காலையில் வெறும் வயிற்றில் கொடுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத் தீவனம். கீழ்ப்பகுதிப் புண் என்றால் புண்ணின் மேல் படலமாகப் படியும் சுக்ரல்ஃபேட்டையும் சேர்ப்பார்கள், ஆற நாளாகும். மனிதர்களுக்கான மாத்திரையை எண்ணிப் போடும் வேலை வேண்டாம், குதிரைக்கான தயாரிப்பில் அமிலத்திலிருந்து மருந்தைக் காக்கும் ஏற்பாடு இருக்கும். ஓமெப்ரசோலைச் சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பு போட்டியின்போதும் அனுமதிக்கிறது. குதிரைப் பந்தய விதிகள் வேறு, அங்கே எத்தனை நாளுக்கு முன் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்டு வாரம் இருப்பதால் எண்டோஸ்கோபியை (கேமரா குழாயை விட்டு இரைப்பையைப் பார்க்கும் பரிசோதனை) முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள். புண் இருந்தால் நான்கு வாரச் சிகிச்சைக்கும் திரும்பப் பார்ப்பதற்கும் நேரம் கிடைக்கும். இல்லையென்றால் பல், முதுகு, சேணத்தின் பொருத்தம் என்று தேடலாம், குதிரையைப் போட்டியில் இறக்காமல் மைதானத்துக்குச் சும்மா கூட்டிப்போய் வரலாம். தீவன மாற்றத்தை எப்படியும் தொடங்குங்கள். அதோடு ஒரே நேரத்தில் பொடியும் போட்டால் எது பலித்தது என்று தெரியாது. பரிசோதனைக்கு முன் 12 முதல் 16 மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். இரவில் படுக்கை வைக்கோலைத் தின்றுவிடாமல் வாய்க்கூடு போடச் சொல்லி லாயக்காரரிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள்.