சரக்கொன்றை ஆறு ஆண்டாகியும் பூக்கவில்லை, என்ன செய்வது?

தினமும் தண்ணீர் ஊற்றி, மாதம் தவறாமல் உரமும் வைத்தும் வாசலில் இருக்கும் சரக்கொன்றை ஆறு ஆண்டாகப் பூக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்தத் தண்ணீரையும் உரத்தையும் குறையுங்கள்.

திருச்சியில் நான் விதை போட்டு வளர்த்த மரம் எட்டாம் ஆண்டில்தான் பூத்தது. விதையிலிருந்து வந்த மரத்துக்கு அத்தனை ஆண்டு ஆவது வழக்கம்தான். ஆனால் நானும் உங்களைப் போலவே அதைச் சீராட்டினேன். ஒவ்வொரு கோடையிலும் பச்சைப்பசேலென்று இலையாகவே நின்றது. போதாததற்கு, மாசியில் கிளைகளைக் கழித்துவிடுவேன். பூச்சரம் வர வேண்டிய கிளைகளைத்தான் வெட்டிக்கொண்டிருந்தேன் என்பது பிறகே புரிந்தது. கழிப்பதானால் பூ முடிந்த கையோடு கழியுங்கள்.

எட்டாம் ஆண்டு தை பிறந்ததும் தண்ணீரை நிறுத்தினேன். பங்குனியில் இலை பழுத்துக் கொட்டியது. மரம் பட்டுப்போகிறதென்று குடத்தோடு ஓடினேன். அம்மா தடுத்துவிட்டார். "கொன்றை இலையை உதிர்த்துவிட்டுத்தான் பூக்கும், பேசாமல் இரு" என்றார். சித்திரை வெயிலில் ஒரு முழ நீளச் சரங்கள் மரம் முழுக்கத் தொங்கின. கேரளத்தில் விஷுக்கணிக்கு இந்தப் பூவை வைப்பதும் அந்த நாட்களில்தான். இப்போது ஆவணி மழைக்குப் பின்னும் நாலைந்து சரம் வருகிறது. சங்கப் பாடல்கள் கொன்றையைக் கார்காலப் பூவாகப் பாடுவது அதைப் பார்க்கும்போதெல்லாம் நினைவுக்கு வரும்.

வெயிலையும் கவனியுங்கள். பக்கத்து மாடியின் நிழல் பாதி நாள் விழுந்தால் பூ குறைந்துவிடும். வேரடியில் தண்ணீர் தேங்கவே கூடாது.

மழைக்காலத்தில் பச்சைப் புழுக்கள் இலையை அரித்தால் மருந்து அடிக்காதீர்கள். இளமஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் குஞ்சுகள் அவை. நான் ஒருமுறை அடித்துவிட்டு, அந்த ஆண்டு முழுவதும் தோட்டத்தில் ஒரு பூச்சியையும் காணாமல் வருந்தினேன். வளர்ந்த மரம் தின்ற இலையை மீண்டும் துளிர்த்துக்கொள்ளும்.

பூத்த பின் கறுத்த, நீண்ட காய்கள் தொங்கும். அவற்றின் விதைத்தோல் மிகக் கெட்டி. கரட்டுக் கல்லில் லேசாக உரசி, ஓர் இரவு ஊறவைத்து, உப்பிய விதைகளை மட்டும் போடுங்கள். காய்க்குள் இருக்கும் கறுப்புச் சதை இனிக்கும். சிறு பிள்ளைகள் தின்றால் வயிற்றுப்போக்கு கண்டுவிடும், அதனால் விழுந்த காய்களை உடனே பொறுக்கிவிடுங்கள்.