வில்லி லோமன் துன்பியல் நாயகனா? கைடை மூடிவிட்டு எழுதுங்கள்

கேள்வி: ஐயா, நான் எம்.ஏ. ஆங்கிலம் முதலாண்டு படிக்கிறேன். அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகம் எங்களுக்குப் பாடம். அதன் நாயகன் வில்லி லோமன் துன்பியல் நாயகனா (டிராஜிக் ஹீரோவா) என்று செமஸ்டருக்குச் செமஸ்டர் கேட்கிறார்கள். கைடில் 'இல்லை, அவர் உழைத்தால் யாரும் உயரலாம் என்ற அமெரிக்கக் கனவின் பலிகடா' என்று இருக்கிறது. எங்கள் மேடம் 'ஆம் என்று எழுது' என்கிறார். எதை எழுதுவது?

பதில்: 'ஆம்' என்றே எழுதுங்கள், அம்மா. ஆனால் மேடம் சொன்னார் என்பதற்காக எழுத வேண்டாம். வில்லி வேண்டாம் என்று சொன்ன ஒரு வேலை இருக்கிறது. அதை வைத்து எழுதுங்கள்.

இரண்டாம் அங்கத்தைத் திறந்துகொள்ளுங்கள். ஊர் ஊராகப் போய்ப் பொருள் விற்கும் 63 வயது வில்லி, 34 வருடம் உழைத்ததாகச் சொல்லும் நிறுவனத்தின் இளம் முதலாளி ஹோவர்டிடம் போகிறார். ஊர் ஊராகக் கார் ஓட்ட உடம்பு இடம் கொடுக்கவில்லை, நியூயார்க்கிலேயே ஓர் இடம் கொடு என்கிறார். வாரம் 65 டாலரில் தொடங்கி 50க்கு வருகிறார், பிறகு 40க்கு. வேலையே போய்விடுகிறது. மாணவர்கள் பெரும்பாலும் இங்கேயே நின்று, 'முதலாளித்துவத்தின் கொடுமை' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள்.

நிற்காதீர்கள். அடுத்து அவர் போவது பக்கத்து வீட்டுக்காரர் சார்லியின் அலுவலகத்துக்கு. வாரம் 50 டாலர் சம்பளம், வெளியூர் அலைச்சல் கிடையாது, வந்து சேர் என்கிறார் சார்லி. ஹோவர்டிடம் கடைசியாகக் கெஞ்சிய தொகையைவிட அதிகம். வில்லி மாட்டேன் என்கிறார். இன்ஷூரன்ஸ் கட்டப் பணத்தை மட்டும் கடனாக வாங்கிக்கொள்கிறார். சார்லியிடம் சம்பளத்துக்கு நின்றால், இத்தனை காலம் தன்னைப் பற்றித் தன் பிள்ளைகளிடம் சொன்னதெல்லாம் பொய் என்று ஆகிவிடும். பலிகடாவிடம் யாரும் விருப்பம் கேட்பதில்லை. வில்லியிடம் கேட்டார்கள், அவர் பதில் சொன்னார்.

நாடகம் நியூயார்க் மொரோஸ்கோ அரங்கில் ஏறியது 1949 பிப்ரவரி 10. அதே மாதக் கடைசியில் மில்லர் நியூயார்க் டைம்ஸில் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். அரசனுக்கு மட்டுமல்ல, சாதாரண மனிதனுக்கும் துன்பியல் உரியது, தன் கண்ணியத்துக்காக உயிரையும் கொடுக்கத் துணிகிறானா என்பதே அளவுகோல் என்பது அதன் சாரம். உங்கள் பதிலுக்கு அடித்தளம் அதுதான்.

குடும்பத்தை மறந்துவிடாதீர்கள். கடைசிச் சண்டையில் 34 வயது மகன் பிஃப், நாம் இருவருமே வீதிக்கு நூறு பேர் கிடைக்கும் சாதாரண ஆட்கள்தான், என்னை விட்டுவிடுங்கள் என்று அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுகிறான். பிள்ளைக்குத் தன்மேல் பாசம் இருக்கிறது என்பது மட்டும்தான் வில்லியின் மனத்தில் ஏறுகிறது. 20,000 டாலர் இன்ஷூரன்ஸ் பணம் கையில் வந்தால் இவன் பெரிய ஆளாகிவிடுவான் என்று, சாவதற்கென்றே காரை எடுக்கிறார். இறக்கிவை என்று மகன் கெஞ்சிய பாரத்தையே உயிரைக் கொடுத்து மறுபடியும் அவன் தலையில் ஏற்றுகிறார்.

இனி அந்தக் கைடு. அதைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். வில்லி என்ன பொருள் விற்றார் என்று அதில் எழுதியிருந்தால் தூக்கிப் போடுங்கள். அவர் சுமந்து திரிந்த பெட்டிகளுக்குள் என்ன இருந்தது என்று நாடகம் கடைசிவரை சொல்வதில்லை. வில்லியின் நினைவில் வரும் பழைய காட்சிகளை வெறும் 'ஃப்ளாஷ்பேக்' என்று எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். மில்லர் முதலில் யோசித்த தலைப்பே 'அவன் தலைக்குள்' என்ற பொருளில்தான் இருந்தது. நிகழ்காலத்தில் கதவு வழியே வரும் பாத்திரங்கள் நினைவுக் காட்சிகளில் சுவரை ஊடுருவி நடப்பார்கள்.

கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைகளில் ப்ராஜெக்ட் எழுதித் தருகிறோம் என்பவர்கள் பக்கமே போகாதீர்கள். ஒரே ஆய்வேட்டைப் பெயர் மட்டும் மாற்றி மூன்று மாணவர்களுக்கு விற்றதை என் கண்ணால் பார்த்தேன். அவர்களில் ஒரு பெண்ணுக்கு வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) பிஃப் யார், சார்லியின் மகன் பெர்னார்ட் யார் என்று தெரியவில்லை. அவள் அழுதது இன்னும் என் மனத்தை விட்டுப் போகவில்லை. பணம் வாங்கியவன் அன்றைக்கும் கடை திறந்திருந்தான்.

ஆசைப்பட்டுத் தோற்றவன் எல்லாம் செத்துத்தான் போக வேண்டும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் தி சன்' (1959) வேறு மாதிரி. சிகாகோவில் கறுப்பினக் குடும்பம், இறந்த அப்பாவின் இன்ஷூரன்ஸ் 10,000 டாலர். அம்மா 3,500 டாலரை வீட்டுக்கு முன்பணமாகக் கட்டிவிட்டு, மீதியை மகன் வால்டரிடம் தருகிறார். தங்கையின் மருத்துவப் படிப்புப் பணமும் அதில் அடக்கம். மதுக்கடை வைக்கலாம் என்ற கூட்டாளி அந்த 6,500 டாலரோடு ஓடிவிடுகிறான். அது தெரியவரும் முன்பே, அந்த வீடு இருக்கும் வெள்ளையர் குடியிருப்புக்காரர்கள், இங்கே வராதீர்கள், வீட்டை நாங்களே கூடுதல் விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். அப்போது அந்த ஆளைத் துரத்திய வால்டர், பணம் போனபின் அவர்கள் தரும் தொகையை வாங்கிவிடத் துணிகிறான். ஆனால் கடைசியில் தன் சின்ன மகன் பக்கத்தில் நிற்க, முடியாது என்று சொல்லிவிடுகிறான். வில்லியும் மறுத்தார், இவனும் மறுத்தான். இவன் தோற்றது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், மறைக்க ஒன்றுமில்லை. வில்லி சார்லியிடம் வாங்கிய கடனைத் தன் சம்பளம் என்று மனைவியிடம் கொடுத்து வந்தார். இந்த ஒப்பீட்டைச் செய்தாலே உங்கள் தாள் தனித்துத் தெரியும்.

விடைத்தாள் திருத்துபவர்கள், துன்பியலுக்கு இலக்கணம் சொன்ன கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலின் பெயரைத் தேடுவார்கள். ஒரு தாளுக்குச் சில நிமிடம் கொடுத்து, நான்கு பக்கம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கும் முறையை மாற்றச் சொல்லிப் பல கூட்டங்களில் பேசிவிட்டேன், மாறவில்லை. அதனால் அரிஸ்டாட்டிலுக்கு ஒரு பத்தி கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். சார்லியின் அலுவலகக் காட்சியை இன்றிரவே மூன்று முறை படித்துவிட்டு, பதிலின் முதல் வரியை அங்கிருந்து எழுதுங்கள்.