டிவி விவாதம் தொடங்கினாலே நெஞ்சு படபடக்கிறதே, ஏன்?

கேள்வி: எனக்கு வயது 26. ஈரோட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அப்பா, அம்மாவோடு இருக்கிறேன். நான் கே (gay), அதாவது எனக்கு ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு. அக்காவுக்கு மட்டும் தெரியும். 2023-ல் தன்பாலினத் திருமண வழக்கு நடந்தபோது இந்தத் தொல்லை ஆரம்பித்தது. இப்போதும் இந்தப் பேச்சு செய்தியில் அடிபட்டாலே நெஞ்சு படபடக்கிறது, வயிறு கலக்குகிறது. ராத்திரி இரண்டு மணி வரை கமெண்ட்களைப் படித்துக்கொண்டே கிடக்கிறேன். வீட்டில் சாப்பிடும் நேரத்தில்தான் விவாதம் ஓடும். அப்பா ஏதாவது சொல்வார், நானும் தலையாட்டுவேன். சில நாள், எதற்கு இப்படி வாழவேண்டும் என்றுகூடத் தோன்றுகிறது. அரசியல் பேச்சுக்கு உடம்பு இப்படிக் கெடுமா, நான் பலவீனமானவனா? தூக்க மாத்திரை போடலாமா? டாக்டரிடம் போனால் வீட்டில் சொல்லிவிடுவாரோ?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: கேள்விகளுக்கு முன்னால் எழுதியிருக்கும் அந்த ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். வாழ்வது எதற்கு என்ற எண்ணம் அடுத்த முறை வரும்போது தனியாக இருக்காதீர்கள். அக்காவைக் கூப்பிடுங்கள், அல்லது 14416-க்கு அழையுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் திட்டமாகவே அது மாறினால் நேரம் பார்க்காமல் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

சரி, பேச்சுக்கு உடம்பு கெடுமா? கெடும். அமெரிக்காவில் 2004 தேர்தலையொட்டிப் பல மாநிலங்கள் தன்பாலினத் திருமணத்துக்குத் தடை கொண்டுவந்தன. அதற்கு முன்பே ஒரு பெரிய மனநலக் கணக்கெடுப்பில் கலந்துகொண்டவர்களைத் தடைக்குப் பிறகும் சந்தித்து விசாரித்தார்கள். தடை வந்த மாநிலங்களில் இருந்த தன்பாலீர்ப்பாளர்கள், இருபாலீர்ப்பாளர்களிடம் மனச்சோர்வு வகை நோய்கள் ஏறத்தாழ 37 சதவீதம் கூடியிருந்தன. பதற்ற நோய் மூன்று மடங்குக்கும் மேல். தடை வராத மாநிலங்களில் இப்படி ஏறவில்லை. தடை வந்த மாநிலங்களிலேயே மற்றவர்களுக்கும் இந்த அளவு பாதிப்பு இல்லை. பலவீனம்தான் காரணம் என்றால், மாநில எல்லையைத் தாண்டியதும் அது எப்படி மறையும்? அதே நாட்டில் தன்பாலினத் திருமணத்தை அனுமதித்த மாநிலங்களில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் தற்கொலை முயற்சிகள் சுமார் 7 சதவீதம் குறைந்ததாக 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. அங்கே சட்டம் மாறியது, பிள்ளைகளின் மனநிலையும் மாறியது.

இலான் மேயர் என்ற ஆய்வாளர் 2003-ல் இதைச் 'சிறுபான்மை அழுத்தம்' என்று விளக்கினார். நேரடியாக அவமானப்படுவது ஒரு பங்குதான். எப்போது யார் என்ன சொல்வார்களோ என்ற காவல், தன்னை மறைத்து வாழும் உழைப்பு, ஊர் சொல்வதைத் தானே நம்பத் தொடங்குவது, இவையும் சேர்ந்து அழுத்துகின்றன. உங்கள் சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் ஒன்றாக நடக்கின்றன, பாருங்கள். டிவியில் ஒருவர் உங்களை நோயாளி என்கிறார், அப்பா ஆமோதிக்கிறார், நீங்கள் முகம் மாறாமல் சோற்றைப் பிசைகிறீர்கள், தலையும் ஆட்டுகிறீர்கள். என்னைக் கேட்டால், உடம்பைக் கெடுப்பதில் அந்தத் தலையாட்டலுக்குத்தான் பெரிய பங்கு. ஆபத்து என்று மூளை எடுத்துக்கொள்கிறது, அட்ரினலின் ஏறுகிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, குடல் கலங்குகிறது. ஓடவும் முடியாது, எதிர்த்துப் பேசவும் முடியாது. அப்புறம் எப்படி இரவில் தூக்கம் வரும்?

2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் அந்தத் திருமண வழக்கின் விசாரணை நேரலையாகவே ஓடியது. மனுக்கள் நகர்ப்புற மேட்டுக்குடியின் பார்வை என்று மத்திய அரசு எழுதிக் கொடுத்தது. மாதச் சம்பளத்தில் ஈரோட்டில் குடும்பத்தோடு இருக்கும் உங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று புரிகிறது. அக்டோபர் 17 அன்று, திருமணம் செய்துகொள்ள அடிப்படை உரிமை இல்லை என்று தீர்ப்பு வந்தது. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகின. வழக்கைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், தன் வாழ்க்கை மாதக்கணக்கில் பட்டிமன்றமாக நடப்பதைக் கேட்டவருக்குக் களைப்பு வருவது இயல்பு.

செய்தியே பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். அது உங்களைப் பற்றிய செய்தி, தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். பகலில் ஒரு தடவை, எழுத்தில் படியுங்கள், போதும். விவாத நிகழ்ச்சியும் கமெண்ட்களும் செய்தி இல்லை. போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடுங்கள். விவாதம் ஓடும் நேரத்துக்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள், ஆபீஸ் வேலை இருக்கிறது என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை.

அக்காவுக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் மருந்தாகவே பார்க்கிறேன். ஆஸ்திரேலியாவில் 2017-ல் இதே விஷயத்துக்கு அஞ்சல் வழி வாக்கெடுப்பு நடத்தினார்கள். 61.6 சதவீதம் பேர் ஆதரவாக வாக்களித்தார்கள். ஆனால் அதற்கு முந்தைய வாரங்களில் எதிர்ப்புப் பிரச்சாரத்தை அதிகம் பார்த்த தன்பாலீர்ப்பாளர்கள், இருபாலீர்ப்பாளர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் அதிகமாக இருந்தன. நெருங்கியவர்களின் ஆதரவு இருந்தவர்களுக்கு அந்தப் பாதிப்பு குறைவு. ஆகவே செய்தி சூடுபிடிக்கும் நாட்களில் அக்காவிடம் பத்து நிமிடமாவது பேசுங்கள். வழக்கைப் பற்றித்தான் பேசவேண்டும் என்றில்லை.

எல்லாவற்றையும் அரசியல் மேல் போட்டுவிடவும் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, பசி மாற்றம் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், காரணம் எதுவானாலும் சிகிச்சை வேண்டும். படபடப்புக்குத் தைராய்டு, ஹீமோகுளோபின், ஒரு இசிஜி பார்த்துவிடுவது நல்லது. மாலைக்கு மேல் டீ, காபி வேண்டாம். மருந்துக்கடையில் நீங்களாகவே தூக்க மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். அல்பிரசோலம் போன்றவை சீக்கிரமே பழக்கமாகிவிடும். பேச்சு சிகிச்சையே பலருக்குப் போதும். தேவைப்பட்டால் மனநல மருத்துவர் எஸிடலோபிராம் போன்ற ஒன்றைத் தருவார், பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும்.

டாக்டர் வீட்டில் சொல்வாரா? 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் விவரங்களை ரகசியமாக வைப்பது அவர் கடமை. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டுமே விலக்கு உண்டு. 'உன்னை மாற்றிக் காட்டுகிறேன்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தன்பாலீர்ப்பை உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய 'குணப்படுத்தும்' முயற்சிகளுக்குத் தடை விதித்தது, அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுங்கீனமாக அறிவித்தது. சந்தேகம் இருந்தால் முதல் சந்திப்பில் உங்களைப் பற்றிச் சொல்லாமல், "தன்பாலீர்ப்பு உள்ளவர்களைப் பார்த்திருக்கிறீர்களா, டாக்டர்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் பதில் சொல்லும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

அப்பாவிடம் இப்போதே சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அதைத் தூக்கம் சரியான பிறகு, தேவைப்பட்டால் தங்க ஓர் இடமும் கையில் கொஞ்சம் பணமும் இருக்கும்போது, அக்காவோடு சேர்ந்து யோசிக்கலாம்.